வண்டி வாயில என்னமோ இருக்குங்க

நீங்க வேலையைப் பாருங்கக்கா. நான் இந்தத் தூண் ஓரமா உக்காந்துக்கறேன். உங்களைக் கண்காணிக்க வரலை. அதாவது, கண்காணிக்கத்தான் அனுப்பினார், ஆனா நான் அதைச் செய்யப் போறதில்லை. "சஷ்டிகா, கார் கம்பெனிக்காரன் பெங்களூர்ல இருந்து ஆளை அனுப்பறேன்னு ஒரு பொண்ணை அனுப்பி வச்சிருக்கான். எதையாச்சும் கழட்டிப்போட்டுட்டுப் போயிறப் போகுது, கூடவே நில்லு." இது எங்கப்பா, ஈஸ்வரமூர்த்தி. குரல் எப்படி? தொண்டைக்குள்ள ஒரு துண்டு வெல்லம் கரையாம நிக்கிற மாதிரி நினைச்சுக்கணும், அவ்வளவுதான். பம்ப்செட் வியாபாரம் பண்றவங்க பாதிப் பேருக்கு அந்தக் குரல்தான்.

இந்தாங்க, அவரோட ஃபோன். காரோட ஆப் இதுலதான் இருக்கு. பூட்டைத் திறக்க அவர் பிறந்த வருஷத்தைப் போடுங்க. அதைத் தவிர வேற எந்த வருஷமும் அவருக்கு ஞாபகம் இருக்காது.

மணி மூணரையா? அப்ப நேரம் இருக்கு. அஞ்சு மணிக்கு மாடியில கூட்டம். எங்க அபார்ட்மென்ட் எலக்ட்ரீஷியன் சின்னராசுவை நிறுத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்களாம். முடிவு எல்லாம் எப்பவோ பண்ணியாச்சு, டீயும் தேங்காய் பன்னும்தான் பாக்கி. எல்லாம் இந்த வண்டியாலதான். உங்க கம்பெனி வண்டிதானே, கேளுங்க. உங்களுக்கும் தெரியணும்.

வண்டி வந்து எட்டு மாசம் ஆச்சு. கரண்ட்டுலயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும்னு வாங்கினார். சின்னராசுதான் மீட்டர் பெட்டியில இருந்து வயர் இழுத்து, இந்தத் தூண்ல சார்ஜிங் பாயின்ட் போட்டுக் குடுத்தார். சொருகி வச்சா நாப்பது கிலோமீட்டருக்குக் கரண்ட். அதுக்கு மேல போனாத்தான் பெட்ரோல். எங்க வீட்டுக்கும் அப்பா கம்பெனிக்கும் நடுவுல பதினாலு கிலோமீட்டர். புரியுதா? அந்த மனுஷன் பெட்ரோல் போடவே இல்லை. போடாததை ஊருக்கெல்லாம் சொல்லணுமே. கல்யாண வீட்டுல சொன்னார், சீர் வீட்டுல சொன்னார். எங்க பெரியத்தை மாமனார் இறந்த வீட்டுல, பாடி இன்னும் எடுக்கலை, வாசல்ல நாற்காலியில உக்காந்துகிட்டு, "பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம் இருக்குதுன்னே மறந்து போச்சுங்க". பக்கத்துல இருந்தவர் துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டே தலையாட்டினார். பாவம், மைலேஜ் கேட்டு அழுத முதல் ஆள் அவராத்தான் இருப்பார்.

அப்புறம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சொருகினா, பச்சை லைட்டு வர்ற இடத்துல சிவப்பு. "சார்ஜ் செய்ய இயலவில்லை, இணைப்பைச் சரிபார்க்கவும்." எங்கப்பா சரிபார்த்தார். எப்படின்னு கேளுங்க. சொருகினார், உருவினார். மறுபடி சொருகினார். வண்டியைப் பூட்டித் திறந்தார். குனிஞ்சு வாயால ஊதினார். அப்புறம் வண்டியை ஒருதரம் சுத்தி வந்து, திரும்பச் சொருகினார். சுத்தி வந்தது எதுக்குன்னு நான் கேட்கலை.

அன்னையில இருந்து பெட்ரோல்தான். ஆனா இங்க பக்கத்துல இருக்கிற பங்க்குக்குப் போவாரா? அங்க தெரிஞ்சவங்க பார்த்துட்டா? பதினோரு கிலோமீட்டர் தள்ளி, அன்னூர் ரோட்டுல யாருக்கும் தெரியாத ஒரு பங்க்ல போய்ப் போடறார். பெட்ரோல் போடறதுக்குன்னே தனியா பெட்ரோல்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. உங்க ஆளுங்க கதைக்கு வர்றேன்.

இங்க சர்வீஸ் சென்டர்ல அட்வைசர் ஒருத்தன், நிகில்னு பேரு. சட்டையில மடிப்பு கலையாது, மூளையிலயும் அப்படித்தான். "சார், ஐ டோட்டலி அண்டர்ஸ்டாண்ட் சார். இட்ஸ் எ வெரி காமன் திங் சார். பன்னெண்டு வோல்ட் சின்ன பேட்டரி வீக் ஆயிருந்தா இப்படித்தான் சார் காட்டும்." சரின்னு அதை மாத்தினாங்க. சிவப்பு. "சாஃப்ட்வேர் அப்டேட் பெண்டிங் சார்." ரெண்டு நாள் வண்டியை வச்சிருந்து அப்டேட் போட்டாங்க. சிவப்பு. உங்க சென்டர்லயே ஒருதரம் சார்ஜ் போட்டுப் பாருங்கன்னு அப்பா சொன்னார். அது ஒண்ணுதான் அவர் இந்த மூணு வாரத்துல சொன்ன உருப்படியான பேச்சு. அதுக்கு நிகில் என்ன சொன்னான்னா, அங்க இருக்கிற சார்ஜருக்கு இன்னும் கனெக்‌ஷன் குடுக்கலையாம். நானும் கூடப் போயிருந்தேனே, பார்த்தேன். கண்ணாடிக் கதவு பக்கத்துல அந்தச் சார்ஜர் நிக்குது, பளபளன்னு. அதுமேல ஒரு மணிபிளான்ட் தொட்டி வச்சிருக்காங்க. மால்ல இருக்கிற சார்ஜர்ல போடலாம்னா, அதோட முனை இதுக்குச் சேரவே சேராது.

கடைசியில ஒரு பேப்பர் குடுத்தான். வாகனத்தில் குறைபாடு எதுவும் இல்லை, வாடிக்கையாளர் இடத்து எர்த் இணைப்பில் கோளாறு இருக்கலாம். இருக்கலாம். அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு எங்கப்பா சின்னராசுவைக் கூப்பிட்டார்.

சின்னராசு எப்படிப் பேசுவார்னு செஞ்சு காட்டட்டுமா? இருங்க, இதுக்குக் கொஞ்சம் மூக்கு வேணும். பீடிப் புகையும் வேணும், அது இல்லாமச் சமாளிக்கறேன். "எர்த்து நல்லா இருக்குதுங்க. இப்பப் பாருங்க." டெஸ்ட் பல்பு எடுத்துட்டு வந்தார். ஹோல்டர்ல ஒரு பல்பு, ரெண்டு வயர். ஒண்ணை மீட்டர் பெட்டிப் பக்கம் வச்சார், இன்னொண்ணை எர்த்துல வச்சார். பல்பு ஜம்முன்னு எரிஞ்சது. எங்கப்பா சொன்னார், "பல்பு எரியுது, வண்டி எரியலையே." எரியணுமாக்கா வண்டி?

அந்த ஆளும் விடலை. லிஃப்ட் பக்கத்துல இருக்கிற பாயின்ட்ல இருந்து தனியா வயர் இழுத்துட்டு வந்து, அதுல சொருகினார். அதுலயும் சிவப்பு. "அங்கயும் ஏறலை, இங்கயும் ஏறலைங்க. அப்ப கோளாறு வயர்ல இல்லைங்க. வண்டி வாயில என்னமோ இருக்குங்க. நான் ஒருக்கா பார்க்கட்டுங்களா." அவ்வளவுதான், எங்கப்பாவுக்கு வந்துச்சு பாருங்க. "யோவ், இது என்ன மாடா, வாயைப் பிளந்து பல்லு பார்க்கறதுக்கு? கையை எடு." வண்டியைத் தொடவே விடலை. நான் அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு சிரிச்சு, எனக்கு விக்கலே வந்துடுச்சு. வாயாம். அப்புறம் ஒரு வாரத்துக்கு எங்க வீட்டுல யார் எதைத் தேடினாலும் நான் அந்தக் குரல்லயே, "அலமாரி வாயில என்னமோ இருக்குங்க", "ஃபிரிட்ஜ் வாயில என்னமோ இருக்குங்க".

இல்லைக்கா, அவர் நல்லவர், கெட்டவர் எல்லாம் எனக்குத் தெரியாது. ஒம்பது வருஷமா இங்க இருக்கார். ஆனா எனக்கு அந்த ஆள் மேல ஒரு கணக்கு இருந்தது. மே மாசம் நான் செக்யூரிட்டிக்கு இன்டர்காம்ல பத்மநாபன் சார் குரல்ல பேசி, நீச்சல் குளத்துத் தண்ணியை எல்லாம் திறந்துவிடச் சொன்னேன். பத்மநாபன் சார்தான் எங்க அசோசியேஷன் செகரட்டரி. இன்சூரன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். எதைச் சொன்னாலும் "ஆக"ன்னுதான் ஆரம்பிப்பார். "ஆக, நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஆக, குளத்தைக் காலி பண்ணிடுங்கோ." செக்யூரிட்டி காலி பண்ணப் போயிட்டார். வால்வைத் திறக்கற நேரத்துல சின்னராசு வந்து தடுத்துட்டார். தடுத்ததோட விட்டாரா? நேரா எங்கப்பாகிட்ட வந்து, "பாப்பாவுக்கு விளையாட்டு கொஞ்சம் ஜாஸ்திங்க, சொல்லி வைங்க". என் ஃபோன் ஒரு வாரம் போச்சு. பிளஸ் டூ லீவுல, ஒரு வாரம். நீங்களா இருந்தா மறப்பீங்களா?

அதனாலதான் அது நடந்தது. சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லக்கூடாது. நீங்க எப்படியும் பெங்களூர் போயிடுவீங்க.

எங்கப்பாவும் பத்மநாபன் சாரும் நாலு நாளா சண்டை. எர்த் இல்லை, இருக்கு, எர்த் இல்லை, இருக்கு. கேட்கவே சகிக்கலை. ஒருநாள் சாயங்காலம் நான் அதோ அந்தப் பச்சைக் கதவு தெரியுதே, பம்ப் ரூம், அங்க போனேன். அங்கதான் சின்னராசு உக்காந்திருப்பார். அன்னைக்கு அவர் மாடித் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தார். உள்ள இன்டர்காம் இருக்கு. எடுத்து செகரட்டரி நம்பரைப் போட்டேன். "சார், நாந்தானுங்க, சின்னராசு. ஒரு தப்பு நடந்து போச்சுங்க. ஈஸ்வரமூர்த்தி சார் பாயின்ட்டுக்கு எர்த்துக் கம்பி குடுக்க மறந்துட்டேனுங்க. பயந்துக்கிட்டு சொல்லாம விட்டுட்டேனுங்க. வெளிய சொல்லிறாதீங்க." கடைசியில அந்த "சொல்லிறாதீங்க"வுக்கு ஒரு சின்ன இருமல் சேர்த்தேன். அதுதான் வித்தை. இருமல் இல்லாம அந்தக் குரல் நிக்காது.

அந்தப் பக்கம் பத்மநாபன் சார் மூச்சுவிடறது கேட்டது. அப்புறம், "ஆக, கடைசியில ஒத்துண்டே." ஆகா, அந்த ஒரு "ஆக"வுக்காகவே நான் அத்தனையும் பண்ணலாம்.

நான் ரெண்டு நாள் சிரிப்பா இருக்கும்னுதான் நினைச்சேன். அவரோ உடனே இந்த ஏரியால இருக்கிற அத்தனை அபார்ட்மென்ட் செகரட்டரிங்களும் இருக்கிற வாட்ஸப் குரூப்ல போட்டுட்டார். எர்த் குடுக்காத எலக்ட்ரீஷியன், தானே ஒப்புக்கொண்டார், எச்சரிக்கையா இருங்கன்னு. அன்னைக்கே பம்ப் ரூம் சாவியை வாங்கிட்டாங்க. வேற எங்கயும் அவரை வேலைக்குக் கூப்பிடறதில்லையாம், எங்க வீட்டுல வேலை செய்யறவங்க சொன்னாங்க. பின்ன, எர்த் குடுக்கலைன்னா ஷாக் அடிச்சு ஆள் செத்துடும் இல்லையா? யார் கூப்பிடுவாங்க?

எனக்கு அதுல ஒண்ணும் உறுத்தலைக்கா. அப்படிப் பார்க்காதீங்க. நானா இட்டுக்கட்டினேன்? நிகில் பேப்பர்ல எழுதியிருக்கான். அப்பா சொல்றார். எல்லாரும் சொன்னதைத்தான் நான் அவர் குரல்ல சொன்னேன். தப்பு அவர் மேல இருந்தது, அவருக்கு ஒத்துக்கத் தெரியலை, நான் ஒத்துக்கிட்டேன். ஒரு உதவின்னு வச்சுக்கங்களேன்.

என்ன கேட்டீங்க? எப்ப இருந்து ஏறலைன்னா? அதான் சொன்னேனே, ஆயுத பூஜைக்கு மறுநாள்ல இருந்து. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் ஏறிச்சு. பூஜை அன்னைக்கு யாரும் தொடலை. நான் மட்டும்தான். இருங்க, அது இன்னொரு கூத்து, ஃபோட்டோவே இருக்கு. எங்கம்மா பன்னீர் விட்டுச் சந்தனம் குழைச்சுக் குடுத்து, "சஷ்டி, ஒண்ணு விடாம வைக்கணும், மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி, அப்பா லேப்டாப்பு, காரு, ஒண்ணு விட்டுப்போனாலும் வருஷம் பூரா அது மக்கர் பண்ணும்". ஒண்ணு விடாம வைக்கணும்னா வச்சுட வேண்டியதுதானே? கொசு பேட்டுக்கு வச்சேன். டிவி ரிமோட்ல ஒவ்வொரு பட்டனுக்கும் வச்சேன். தூங்கிட்டிருந்த எங்கப்பா வழுக்கைக்கு வச்சேன், அவரும் ஒரு மெஷின்தானே. அப்புறம் கீழ வந்து பானெட், நாலு டயர், ஸ்டியரிங், அதுக்கப்புறம் இந்த மூடியைத் திறந்தா, பாருங்களேன், இதுக்கு ஒரு முகம் இருக்கு. மேல ரெண்டு சின்ன ஓட்டை, கண்ணு. கீழ அஞ்சு பெரிய ஓட்டை, பல்லிளிக்கிற மாதிரி. அப்படியே பத்மநாபன் சார். விரல் உள்ள போகலை. ஊதுபத்திக் குச்சியில சந்தனம் எடுத்து ரெண்டு கண்ணுலயும் நிறைய வச்சு அமுக்கி, நடுவுல ஒரு குங்குமப் பொட்டு. இதோ ஃபோட்டோ. ஸ்டேட்டஸ்ல போட்டு அம்பத்தாறு பேர் பார்த்தாங்க.

நல்லா இருக்கு இல்ல?

ஏன்க்கா சிரிக்கலை?

டார்ச்சா? இந்தாங்க. ஃபோன் லைட்டு போதாதா? அந்தக் குட்டிக் கண்ணாடி எதுக்கு, பல் டாக்டர் மாதிரி?

இல்லைக்கா, வண்டியை எல்லாம் மறுநாளே கழுவியாச்சு. இந்த மூடிக்குள்ள... இதுக்குள்ள யார் தண்ணி ஊத்துவாங்க.

என்னது? மேல இருக்கிற ரெண்டும் பேசறதுக்கா? கரண்ட் வர்றதுக்கு இல்லையா? அதாவது வண்டியும் சார்ஜரும் அது வழியாத்தான் பேசிக்குமா. அது பேசி முடிச்சாத்தான் கரண்ட்டே வருமா. அதுல காய்ஞ்சுபோன எதாவது ஒட்டியிருந்தா, வயர் சரியாச் சொருகியிருக்கான்னே வண்டிக்குத் தெரியாதா.

ஓ.

பஞ்சுக்குச்சி அதுலயா விடறீங்க? என்ன அது, ஸ்பிரிட்டா? மெயினை அமத்திட்டுத்தானே செய்யறீங்க? சரி. நான் பேசலை.

மஞ்சளா வருது.

இத்தனையா வச்சேன்? அம்மாதான் பன்னீர் ஜாஸ்தி ஊத்திட்டாங்க, அதான் உள்ள வழிஞ்சு போயிருக்கு. கெட்டியா குழைச்சிருந்தா மேலயே நின்னிருக்கும். இவ்வளவு பெரிய வண்டிக்கு இத்தனூண்டு கண்ணு வச்சா யாருக்குத் தெரியும்? ஒரு போர்டு வைக்க வேண்டாமா, இங்கே சந்தனம் வைக்காதீர்னு? அந்த நிகில் ரெண்டு நாள் வச்சிருந்தானே, ஒருதரம் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கலாமே. எங்கப்பா ஊதினாரே, அப்ப மணந்திருக்குமே. மூணு வாரத்துல ஒரு ஆளாவது இதை...

ஒரு ஆள் சொன்னார்.

சொருகுங்க. ப்ளீஸ், சீக்கிரம் சொருகுங்க.

பச்சை.

பச்சை வந்துடுச்சுக்கா. சின்னராசு போட்ட பாயின்ட்டுலதானே சொருகினீங்க? அதே தூண், அதே எர்த். ஆப்லயும் காட்டுது, ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷத்துல முழுசா ஏறிடுமாம். எங்கப்பாவுக்குச் சொன்னா குதிப்பார். நாளைக்கே யாராவது செத்தா நல்லா இருக்கும்னு நினைப்பார், போய்ச் சொல்றதுக்கு.

ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க? சார்ஜிங் துளையில் சந்தனம்னே எழுதுவீங்களா? தூசின்னு எழுதலாமே. சரி, எழுதுங்க. அதுல எர்த் நல்லா இருக்குன்னும் போட்டுடுங்க, அப்ப எல்லாம் சரியாயிடும். சரியாயிடும்தானே?

ஆனா பத்மநாபன் சார் சொல்வார், "ஆக, எர்த் இருக்கு, சரி, அப்புறம் அவனே எதுக்கு ஒத்துண்டான்?" அப்படித்தான் கேட்பார். எனக்கு அவரை அவரைவிட நல்லாத் தெரியும்.

இருங்க. ஒரு வழி இருக்கு. அப்பா ஃபோனைக் குடுங்க. சின்னராசு நம்பர் இதுல இருக்கும். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க சத்தம் போடாம இருங்க. வெல்லம், வெல்லம், தொண்டையில வெல்லம்.

"சின்னராசு, ஈஸ்வரமூர்த்தி பேசறேன். வண்டி சரியாயிருச்சுப்பா. எர்த்துல ஒண்ணும் இல்லை. நீ சொன்னதுதான் சரி. தப்பு எங்க பேர்லதான். நீ கூட்டத்துக்கு வந்துரு, நானே எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதப்பா."

...

"குரல் அச்சு அசலா இருக்குதுங்க பாப்பா. ஆனா உங்கப்பா ஒருநாளும் இப்படிச் சொல்ல மாட்டாருங்களே."

...

"பம்ப் ரூம் போன்ல பேசினதும் நீங்கதானுங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். நான் இல்லைங்க சார்னு பத்மநாபன் சார்கிட்ட சொன்னேன். உன் குரல் எனக்குத் தெரியாதான்னாரு. அதுக்கு நான் என்னத்தைச் சொல்றதுங்க, என் குரல்தானுங்களே அது. பாப்பா பண்ணியிருக்கும்னு சொல்லலாம்னு வந்தேன். பொம்பளைப்புள்ள பேரை நாலு பேருக்கு நடுவுல இழுக்கறதுக்கு என்னவோ போல இருந்துச்சு. கூட்டத்துக்கு நான் வரலைங்க. வந்து வாயைத் திறந்தா, இதே வாய்தானே அன்னைக்கு ஒத்துக்கிச்சும்பாங்க. வண்டி ஏறுதுல்லைங்க? ஏறட்டும். வச்சிர்றனுங்க."

வச்சுட்டார்.

என்னைத் திட்டவே இல்லை பாருங்க. திட்டியிருந்தா அதை வச்சு ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

மணி என்னக்கா? நாலே முக்கால். பன் எல்லாம் தட்டுல அடுக்கியிருப்பாங்க.

எங்கப்பா குரல் அங்க உதவாது, அவரே முதல் வரிசையில உக்காந்திருப்பார். பத்மநாபன் சாரும் இருப்பார். நிகில் மாதிரி இங்கிலீஷ்ல அள்ளிவிட்டா? வேண்டாம், கேட்டதும் கைதட்டிடுவாங்க. போன பொங்கல் விழாவுல மேடையில அத்தனை பேரையும் செஞ்சு காட்டினேனே, அதனால நான் எழுந்து நின்னாலே சிரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. நான் சும்மா பேசினாலும், இவ இப்ப யார் மாதிரி பண்றான்னுதான் பார்ப்பாங்க. பம்ப் ரூம்ல பேசினது நான்தான்னு சொன்னா அதுக்கும் சிரிப்பாங்க. அவங்க சிரிச்சு முடியற வரைக்கும் நான் நின்னுட்டிருக்கணும். அப்புறம் திரும்ப முதல்ல இருந்து சொல்லணும்.

அக்கா, நீங்க கூட வாங்களேன். பேச வேண்டாம், பேசறதை நான் பேசிக்கறேன். அந்த ரிப்போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துல நில்லுங்க, போதும். ஸ்டேட்டஸ்ல போட்ட ஃபோட்டோவை நான் எல்லாருக்கும் அனுப்பிடறேன்.

வண்டி இருக்கட்டும், அது ஏறிக்கிட்டு இருக்கும். இப்படி வாங்க, லிஃப்ட் இந்தப் பக்கம். அந்தப் பஞ்சுக்குச்சியைக் குடுங்க, அதை நானே எடுத்துட்டு வர்றேன். இப்பப் பேசறது யார் குரலும் இல்லைக்கா. என்னோடதுதான்.